இன்னும் கொஞ்ச நாள்

என் அண்ணன் நடக்கும்போது இடது கை இடுப்பிலேயே இருக்கும். தெரியாதவர்கள் வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் இருந்த வார்டில் கொடுத்த கால்சட்டைக்கு நாடா கிடையாது. நாடா இருந்தால் யாராவது அதைக் கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று உருவிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அளவும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தான், சாப்பாட்டு வரிசையில் நின்றான், எங்களைப் பார்க்க வந்தான். இரண்டு ஆண்டு நான்கு மாதம் இப்படி. வீட்டுக்கு வந்து பெல்ட் போட்டுக்கொண்ட பிறகும் கை அந்த இடத்தை விடவில்லை. இப்போது அவனுக்கு 39 வயது. களைத்துப்போன நாட்களில் அந்தக் கை இன்றும் தானாக அங்கே போய்விடுகிறது.

அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தபோது அவனுக்கு 17 வயது, எனக்கு 14. சேர்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது அவனுடைய கதை. அவன் சம்மதித்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். வாரக்கணக்கில் தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ஓர் இரவு பயத்தில் அப்பாவைத் தள்ளிவிட, அவருடைய மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் காலை சேர்த்தோம். சேர்த்ததற்காக நாங்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. அவனுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, அங்கே அது கிடைத்தது. ஊசி போட்டுவிட்டு அவன் தூங்கும்வரை பக்கத்திலேயே நின்ற ஒரு நர்ஸ் அக்காவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பின்னால் நடந்ததைப் பற்றி.

எட்டாவது மாதம் டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பையன் நன்றாகத் தேறிவிட்டான். மாத்திரையை விடாமல் கொடுங்கள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்றார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டு பிரித்துப் பல மாதங்கள் ஆகியும் அந்த மணிக்கட்டு முழுதாக மடங்காது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், டாக்டர்."

அந்தக் கொஞ்ச நாள் இருபது மாதம் ஆயிற்று.

ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பரீட்சை. அது முடிந்ததும் அம்மாவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. பிறகு வீடு மாற்றினோம். புது இடத்தில் அக்கம்பக்கத்தாரோடு கொஞ்சம் பழகிய பிறகு அழைத்து வரலாம் என்றார் அப்பா. பொய்க் காரணம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அவனை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னோம். அவனைக் குடும்பம் கைவிட்டுவிட்டது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் கோபத்தில் கொதித்திருப்போம். ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தோமே! ஆனால் அழைத்துப் போகச் சொன்ன பிறகும் அழைத்துப் போகாமல் ஞாயிறு தோறும் பார்க்கப் போவதற்கு வேறென்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் அழைத்து வரச் சொல்லி ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்த இரவின் சத்தம் காதிலேயே இருந்தது. பதினைந்து வயதில் எனக்குத் தனி அறை கிடைத்திருந்தது, அது அவனுடைய அறை. இதையும் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வார்டில் அவனைப் பற்றி எங்களிடம் அடிக்கடி சொன்ன நல்ல வார்த்தை ஒன்று உண்டு. "நன்றாகப் பழகிவிட்டான்." அட்டெண்டர் சொல்வார், சிஸ்டர் சொல்வார், சில சமயம் டாக்டரும் சொல்வார். அம்மாவுக்கு அதைக் கேட்கும்போது முகம் மலரும். மணி அடித்தால் எழுந்துவிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், யாரோடும் வம்பில்லை, எதையும் கேட்பதில்லை. எதையும் கேட்காத ஒரு பதினெட்டு வயதுப் பையன் என்றால் உண்மையில் அங்கேதான் நாங்கள் பதறியிருக்க வேண்டும்.

ரஸ்ஸல் பார்ட்டன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1959இல் இதைத் தனி நோயாகவே விவரித்து எழுதினார். நீண்ட காலம் மனநல விடுதியில் இருப்பவர்களிடம் தெரியும் சோர்வு, எதிலும் முனைப்பின்மை, அடுத்த நாளைப் பற்றிய எண்ணமே இல்லாமல் போவது, கூன் விழுந்த நடை ஆகிய எல்லாவற்றையும் அவர்களுடைய மனநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பது அவர் வாதம். வெளியுலகத் தொடர்பு அறுந்துபோவது, சும்மா உட்கார வைக்கப்படுவது, ஊழியர்களின் அதட்டல், சொந்தப் பொருளும் நண்பர்களும் இல்லாமல் போவது, வெளியே தனக்கென்று எதுவும் காத்திருக்கவில்லை என்ற நினைப்பு என்று காரணங்களை அடுக்கினார். அதாவது, இந்த நோயை உண்டாக்குவதே அந்த இடம்தான். படித்தபோது எனக்கு அந்த இடது கைதான் கண்ணில் வந்து நின்றது. அந்தக் கைக்கும் அவனுக்கு வந்த மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கும் என்ன சம்பந்தம்?

நாற்பது வயதில் உள்ளே போகிறவர் தன் பழைய வாழ்க்கையை வெளியே விட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வந்தால் தேடிப் பிடிக்க ஏதோ ஒன்று இருக்கும். பதினேழில் போகிறவனுக்கு அப்படி எதுவும் சேர்ந்திருக்காது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் முகம் காட்டுகிறது. ஒரு மனிதன் தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்கவும், நண்பனோடு சண்டைபோட்டு நான்கு நாளில் சமாதானமாகவும், கையில் இருக்கும் காசை எண்ணிச் செலவழிக்கவும், யாரையோ நினைத்துத் தூக்கம் கெடவும் பழகும் ஆண்டுகள் அவை. இவற்றுக்கெல்லாம் வகுப்பு கிடையாது. தவறு செய்து செய்துதான் வரும். வார்டில் தவறு செய்ய வழியில்லை. சட்டை அவர்கள் கொடுப்பது, காசு கையில் இருக்காது, சண்டை போட்டால் கேஸ் ஷீட்டில் ஏறும். வீட்டில் இருக்கும் பதினேழு வயதுப் பையன் கதவை அறைந்து சாத்தினால் வயசுக் கோளாறு என்பார்கள். அங்கே அறைந்தால் மருந்தின் அளவு கூடும்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. அவனை மீட்டுக் கொடுத்ததே மருந்துதான், இன்றும் அதைத்தான் சாப்பிடுகிறான். ஆனால் அந்த மருந்துகள் உடம்பில் செய்யும் வேலையை ஒரு வளரும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓரிடத்தில் உட்கார முடியாமல் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். வாய் உலரும். எப்போதும் பசிக்கும். ஆறு மாதத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் பருத்துவிடுவான். கண்ணாடி பார்த்து மீசையை நீவ வேண்டிய வயது. வார்டில் கண்ணாடி இல்லாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று ஒருமுறை அவனே சொன்னான்.

அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பார்க்க அனுமதிப்பது ஞாயிறு மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை எடுத்துக்கொண்டு இளையோர் வார்டுக்குப் போனோம். ஜன்னலருகே இருந்த கட்டிலில் வேறொரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். "உங்கள் பையன் இங்கே இல்லையம்மா, பெரியவர்கள் வார்டுக்கு மாற்றிவிட்டோம்" என்றார் அட்டெண்டர். பதினெட்டு முடிந்தால் இளையோர் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது. பிறந்தநாள் அன்று காலையிலேயே சோப்பு, பல் துலக்கும் பிரஷ், நான் கொடுத்திருந்த அட்லஸ் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர்கள் வார்டு நீளமான கூடம். இரண்டு பக்கமும் கட்டில்கள். அண்ணன் தன் கட்டிலின் விளிம்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் ஆகியும் பையைப் பிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் சிஸ்டரோடு பேசப் போனபோது என்னிடம் குனிந்து சொன்னான்: "பாப்பா, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஐயா என் வயதில்தான் வந்தாராம்."

திரும்பிப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த ஒருவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை இடுப்பில் இருந்தது.

அன்று பார்வை நேரம் முடியும்வரை அண்ணன் வேறு எதுவும் பேசவில்லை. அவன் எங்களிடம் எதையும் கேட்காமல் ஆனது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும் நேரத்தில் ஒரே கேள்வி கேட்பான்: "அடுத்த வாரம் அழைத்துப் போவீர்களா?"

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பேட்ரிக் மெக்கோரி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் முதல்முறை மனநோய்க்கு ஆளாகும் இளைஞர்களுக்கென்றே 1992இல் தனிச் சேவை ஒன்றைத் தொடங்கினார்கள். பல்லாண்டு நோயாளிகளுக்கு நடுவே முதல் வாரமே கொண்டுபோய் இளைஞர்களை விட்டால், எதிர்காலம் இதுதான் என்று அவர்கள் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள் என்பதுதான் அந்த முயற்சியின் பின்னால் இருந்த கவலை. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பதினைந்து வயதில் நானே அதைக் கண்ணால் பார்த்தேன்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்த மருத்துவமனைகளின் வரலாற்றைப் படிக்கத் துணிவு வந்தது. எங்கெங்கோ தேடி, கடைசியில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அங்கே மில்லட்ஜ்வில் என்ற ஊரில் 1842இல் மாநில அரசின் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. 1960களில் அதில் ஏறத்தாழ 12,000 பேர் இருந்தார்கள். அது மருத்துவமனை அல்ல, ஓர் ஊர். அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 25,000 பேர். கல்லறைகளில் பெயர் இல்லை, எண் பொறித்த இரும்பு முளைகள் மட்டும். பிற்பாடு புல் வெட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

அந்த மருத்துவமனையில் 1970இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தார்கள். நீதிமன்ற ஆவணங்களில் அவனுக்கு ஜே.எல். என்ற முதலெழுத்துகள்தான் பெயர். பள்ளியில் அடங்கவில்லை என்று நீக்கப்பட்டவன், தத்துப்பிள்ளை, வளர்த்த தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். ஜே.ஆர். என்ற இன்னொரு சிறுவன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவன். ஏழு வளர்ப்பு வீடுகள் மாறி, ஏழு வயதில் அதே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தான். ஜே.எல்.லை அன்பும் அக்கறையும் உள்ள ஒரு தம்பதியரின் வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று மருத்துவமனை ஊழியர்களே பரிந்துரை செய்தார்கள். அப்படி ஒரு வீடு அமையவில்லை. ஆகவே அவன் மருத்துவமனையிலேயே இருந்தான். மாநில அரசு அமைத்த குழுவே 1973இல் கொடுத்த அறிக்கையில், வெளியே வேறு வசதி இருந்தால் மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே இருக்க வேண்டிய தேவையே இல்லை என்று சொன்னது.

அந்தச் சிறுவர்களின் பெயரில் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்புச் சொன்னது. பெற்றோரோ, காப்பாளராக இருக்கும் அரசோ பிள்ளையைச் சேர்க்க விரும்பினால் முன்கூட்டியே நீதிமன்ற விசாரணை வேண்டியதில்லை, நடுநிலையான மருத்துவர் ஒருவர் பரிசீலித்தால் போதும் என்றது. பெற்றவர்கள் பிள்ளையின் நலனைத்தான் நினைப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தத் தீர்ப்பின் அடியில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அம்மாவின் முகம் வந்தது. அவள் நலனைத்தான் நினைத்தாள், சத்தியமாக. அப்படி இருந்தும் இருபது மாதம் போயிற்று. தீர்ப்பு வந்த அன்று ஜே.எல். உயிருடன் இல்லை.

அதே ஜார்ஜியாவில் லோயிஸ் கர்ட்டிஸ் என்ற பெண் இருந்தார். 1967இல் பிறந்தவர், கறுப்பினத்தவர். அறிவுத்திறன் குறைபாடும் மனச்சிதைவும் இருந்தன. பதினொரு வயதிலிருந்தே மாநில நிறுவனங்களுக்குள் போவதும் வருவதுமாக வளர்ந்தார். வெளியே வாழ முடியும் என்று அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களே சொல்லிவிட்டார்கள். வெளியே இடம் ஏற்பாடாகவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. இலவசச் சட்ட உதவி மையத்துக்குத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைத்து, என்னை எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1995இல் அவருக்காக வழக்கு தொடுத்தார்கள். பிறகு எலெய்ன் வில்சன் என்ற இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டார். 1999 ஜூன் 22 அன்று, வெளியே வாழக்கூடியவர்களைக் காரணமில்லாமல் நிறுவனத்துக்குள் வைத்திருப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

இந்த வழக்கைச் சட்டப் பாடமாக நிறையப் பேர் படிக்கிறார்கள். என்னைப் பிடித்து உலுக்குவது அந்தத் தொலைபேசி அழைப்புகள்தான். கேட்பதை அவர் விட்டுவிடவில்லை. அந்த ஒரு கேள்வியை அவரிடமிருந்து எந்த வார்டாலும் பிடுங்க முடியவில்லை. வெளியே வந்த பிறகு ஓவியராக வாழ்ந்தார். 2011இல் வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ஒபாமாவுக்குத் தன் ஓவியம் ஒன்றைக் கொடுத்தார். 2022 நவம்பரில், 55 வயதில், தன் சொந்த வீட்டில் காலமானார். சொந்த வீட்டில் என்ற சொல்லை அவருடைய மரணச் செய்தியில் நான் இரண்டு தடவை படித்தேன்.

அப்படியானால் இந்த மருத்துவமனைகளை எல்லாம் மூடிவிட வேண்டுமா என்று கேட்பார்கள். இத்தாலியில் அப்படித்தான் செய்தார்கள். ஃபிராங்கோ பசாலியா 1971இல் ட்ரியெஸ்தே மனநல விடுதிக்குப் பொறுப்பேற்றபோது உள்ளே ஏறத்தாழ 1,200 பேர் இருந்தார்கள். 1973இல் நோயாளிகளும் ஓவியர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். அங்கே அழுக்குத் துணி வண்டி இழுத்த உண்மையான குதிரையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: மார்க்கோ கவால்லோ. ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோகும் நாளில் வாசல் அந்தக் குதிரைக்குப் போதவில்லை. உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1978 மே மாதம், புதிதாக மனநல விடுதி கட்டக் கூடாது, இருப்பவற்றைப் படிப்படியாக மூட வேண்டும் என்ற சட்டம் வந்தது. ட்ரியெஸ்தேயில் அது பலித்ததற்குக் காரணம், கதவைத் திறப்பதற்கு முன்பும் திறந்த பிறகும் ஊருக்குள் 24 மணி நேர மனநல மையங்களையும் குடியிருப்புகளையும் வேலைக் கூட்டுறவுகளையும் அவர்கள் உண்டாக்கியதுதான்.

அமெரிக்காவில் அந்தப் பாதி நடக்கவில்லை. 1955இல் அங்கே மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,58,000 பேர் இருந்தார்கள். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே போயிற்று. 1963இல் ஜான் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊருக்கு ஊர் மையங்கள் வரும் என்றது. திட்டமிட்டவற்றில் ஏறத்தாழப் பாதிதான் கட்டப்பட்டன. வெளியே வந்தவர்களில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். எனவே மூடு என்று மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் இரவு என் அண்ணனுக்குப் படுக்கை தேவைப்பட்டது. அது இல்லாதிருந்தால் எங்களில் யாராவது இறந்திருக்கலாம். எட்டாவது மாதம் அவனுக்குத் தேவைப்பட்டது வேறொன்று. அதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. பயந்துபோன எங்கள் வீடு ஒரு பக்கம், பூட்டிய வார்டு மறுபக்கம். நடுவில் தங்கிப் பழக ஒரு சின்ன வீடு, நெருக்கடி வந்தால் நள்ளிரவில் வந்து நிற்க ஒரு மனிதர், விட்ட படிப்பைத் தொடர ஓர் ஆசிரியர், இவர்களில் ஒருவர் இருந்திருந்தாலும் அம்மா அன்றே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 19ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊருக்குள் வசதியில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது, அவர்களோடு பெற்றோரோ பொறுப்பாளரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும் என்கிறது 87ஆம் பிரிவு. தன் சொந்த உடையை உடுத்தும் உரிமையைக்கூட 20ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருவர் அந்தக் கால்சட்டையைப் பார்த்திருக்கிறார். ஆனால் 24 மாநிலங்களில் 43 அரசு மனநல நிறுவனங்களில் எடுத்த கணக்கை 2019இல் வெளியிட்டபோது, உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்கும் அதிகமாக அங்கேயே இருந்தார்கள். சட்டம் கதவைத் திறந்துவைத்தது. கதவுக்கு வெளியே வீடு கட்டும் பொறுப்பு பட்ஜெட்டுக்கும் நமக்கும் வந்து சேருகிறது. பதினெட்டு நிறைந்த அன்றே ஒருவன் பெரியவனாகிவிடுவான் என்று நினைப்பதும் எந்தச் சட்டத்தாலும் நியாயமாகிவிடாது.

அண்ணனை அழைத்து வந்த நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் மனம் மாறியது காரணம் இல்லை. வார்டில் கட்டில் பற்றவில்லை, டாக்டர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா அவனுடைய பழைய சட்டையும் கால்சட்டையும் எடுத்து வந்திருந்தாள், செருப்பை மறந்துவிட்டாள். வார்டு ரப்பர் செருப்பிலேயே வந்தான். வீட்டு வாசலில் அவனுடைய பழைய ஷூவை நான் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு ஆண்டாகத் துடைத்து வைத்திருந்தேன். உட்கார்ந்து காலை நுழைத்தான். பாதிக்கு மேல் போகவில்லை. இன்னொரு காலில் முயன்றான். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கால் வளர்ந்திருந்தது. ஞாயிறு தோறும் போய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

முதல் சில மாதங்கள் மூடியிருக்கும் கதவுக்கு முன்னால் நிற்பான். பூட்டியிருக்காது, வெறுமனே சாத்தியிருக்கும். யாராவது வந்து திறக்கும்வரை நிற்பான். ஒரு தடவை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றான். கழிப்பறைக்குப் போக அம்மாவிடம் கேட்பான், விளக்கை அணைக்க அப்பாவிடம் கேட்பான். சட்டை வாங்கக் கடைக்கு அழைத்துப் போனால் வியர்த்து நின்றுவிடுவான். எது பிடிக்கும் என்று யாரும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. நோய் மீண்டும் இரண்டு முறை தலைதூக்கியது. இரண்டு முறையும் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தான், சொன்ன நாளில் அழைத்து வந்தோம். அதை அப்பா ஒரு நேர்த்திக்கடன் போலக் கடைப்பிடித்தார். படிப்பை 27 வயதில் முடித்தான். இப்போது ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறான். ஒற்றுப்பிழை ஒன்றுகூட அவன் கண்ணுக்குத் தப்பாது.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். அவருடைய மகளுக்கு 16 வயது, ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறாள். அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தம்பிக்குப் பரீட்சை நடக்கிறது, அது முடியட்டும் என்று இருக்கிறார். சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தை என் அம்மாவின் குரலில் கேட்டவள் நான். கோபப்படவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை.

உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருப்பான் போலிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"எப்போது போகிறீர்கள், அம்மா?" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவேன், தம்பி."

"போகும்போது புதுச் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்."

"பழையது வீட்டிலேயே இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போனால் போதாதா?"

"பத்தாது" என்றான் அண்ணன். "அளவை அவளிடமே கேளுங்கள். எந்த நிறம் வேண்டும் என்றும் கேளுங்கள். உடனே சொல்ல மாட்டாள். சொல்லும்வரை பக்கத்தில் உட்காருங்கள்."